ஆபீஸ்லயே பிசியோதெரபி: உங்க சம்பளத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?



சேலரி ஸ்லிப் வந்ததும் நீங்க முதல்ல பார்க்குறது நெட் பே. என்கிட்ட யாராவது ஸ்லிப்பைக் காட்டினா நான் முதல்ல தேடுறது வேற ஒரு வரி. மேல ஓரத்துல சின்னதா இருக்கும்: எல்ஓபி டேஸ். அதாவது லாஸ் ஆஃப் பே. அங்க ஜீரோ இருந்தா சந்தோஷம். 16-னு இருந்தா, அந்த மாசம் அந்த வீட்ல கிரெடிட் கார்டுக்கு மினிமம் ட்யூ மட்டும்தான் கட்டியிருப்பாங்கனு கேட்காமலே சொல்லிடலாம்.

அடிபட்டா ஆகுற செலவுனு சொன்னாலே நமக்கு ஆஸ்பத்திரி பில்தான் ஞாபகம் வரும். நம்ம சேனல்லயும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பத்தி நிறைய பேசியாச்சு. ஆனா 25, 30 வயசுல இருக்கிற ஒருத்தருக்கு பைக் ஸ்கிட் ஆகி முட்டி ஜவ்வு கிழிஞ்சாலோ, குடோன்ல பெட்டி தூக்கி முதுகு பிடிச்சுக்கிட்டாலோ, பர்ஸுக்கு விழுற பெரிய அடி ஆஸ்பத்திரி பில்லுல இல்ல. அதுக்கு அப்புறம் வீட்ல படுத்திருக்கிற ஆறு வாரத்துல இருக்கு. அந்த ஆறு வாரத்தைக் குறைக்கிற வழிகள்ல ஒண்ணு, வேலை செய்யுற இடத்துலயே கிடைக்கிற பிசியோதெரபி. இதைப் பெரிய கம்பெனிங்க கொடுக்கிற ஜிம், ஃப்ரூட் பவுல் மாதிரி ஒரு சலுகைனு ஒதுக்கிடாதீங்க. இது சம்பள விஷயம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

உங்க சம்பளம் மாசம் 45,000 ரூபாய்னு வச்சுக்குவோம். முதுகு பிடிச்சுக்கிட்டு டாக்டர் ஆறு வாரம் ரெஸ்ட் எழுதிட்டார். வாரம் 5 நாள் வேலைன்னா 30 வேலை நாள் போச்சு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வருஷத்துக்கு சிக் லீவ் 12, கேஷுவல் 12, ஒரு வருஷ சர்வீஸ் முடிஞ்சா பிரிவிலேஜ் லீவ் 12. ஆனா வருஷத்தோட நடுவுல அடிபடுறப்போ எல்லா லீவும் கைல இருக்காதே! பொங்கலுக்கு 2, அக்கா கல்யாணத்துக்கு 4, காய்ச்சலுக்கு 3-னு போயிருக்கும். மிச்சம் 14 நாள் இருக்குனு எடுத்துக்குவோம். மீதி 16 நாள் எல்ஓபி. ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் வீதம் 24,000 ரூபாய். சில கம்பெனிகள்ல நடுவுல வர்ற சனி, ஞாயிறையும் சேர்த்துப் பிடிப்பாங்க. அப்படின்னா இன்னும் கூடும்.

வாரம் 3 சிட்டிங், ஆறு வாரத்துக்கு 18 சிட்டிங் பிசியோ. ஒரு சிட்டிங் 500 ரூபாய்னா 9,000. முதுகு வலியோட பைக் ஓட்ட முடியாது, ஆட்டோதான். போக வர 200-னா 3,600. மொத்தம் 36,600 ரூபாய். கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம் காலி. இதுல ஒரு ரூபாய்கூட ஆஸ்பத்திரி பில் கிடையாது. அட்மிட் ஆகாததால மெடிக்ளெய்ம் பக்கம் போகவே முடியாது. எல்ஓபி நாட்களுக்கு பிஎஃப்ல விழுற பணமும் குறையும். வீட்டு வாடகையும் இஎம்ஐயும் மட்டும் அதே தேதில வந்து நிக்கும்.

இப்போ இதே முதுகு, இதே டாக்டர். ஆனா ஆபீஸ்ல வாரம் ரெண்டு நாள் பிசியோதெரபிஸ்ட் வர்றார். மூணாவது வாரம் முடிஞ்சதும் குறைச்ச வேலையோட நீங்க திரும்பிட்டீங்க. போன வேலை நாள் 15, கைல இருந்த லீவ் 14, எல்ஓபி ஒரே ஒரு நாள். ஆட்டோ செலவு இல்ல, சிட்டிங்குக்காக அரை நாள் பர்மிஷன் கெஞ்ச வேண்டியதும் இல்ல. இந்த அரை நாள் விஷயம் சின்னதாத் தெரியும். ஆனா நிறைய பேர் பாதியில பிசியோவை நிறுத்துறதுக்குக் காரணமே இதுதான். க்ளினிக் நேரமும் ஆபீஸ் நேரமும் ஒண்ணா இருக்கும், நாலு சிட்டிங் போனதும் மேனேஜர் முகம் மாறும், வலி கொஞ்சம் குறைஞ்சதும் "போதும்பா"னு விட்டுடுவோம். மூணு மாசம் கழிச்சு அதே வலி திரும்பி வரும்.

மூணே வாரத்துல திரும்ப முடியுமான்னு கேட்பீங்க. எல்லாராலயும் முடியாது. அடியைப் பொறுத்தது. ஆனா வேலை இடத்தோட சேர்த்து சிகிச்சை கொடுத்தா சீக்கிரம் திரும்புறாங்களான்னு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அந்த நம்பர்களைப் பார்த்துட்டுத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

விமான நிலையத்துல நடந்த ஒரு சோதனை

நெதர்லாந்து நாட்டு கேஎல்எம் விமான கம்பெனியில, முதுகு வலியால லீவ்ல இருந்த 134 ஊழியர்களை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு கம்பெனியோட மருத்துவப் பிரிவுலயே, ஸ்கிபோல் விமான நிலையத்துல, வாரம் ரெண்டு முறை ஒரு மணி நேரம் பிசியோதெரபிஸ்டோட பயிற்சி. 2004-ல வெளியான முடிவு: ஆறு மாசத்துல வேலைக்கு வராத நாட்களோட நடு அளவு, வழக்கமான சிகிச்சைக் குழுவுல 87 நாள். பயிற்சிக் குழுவுல 58 நாள். நடு அளவுன்னா, பாதிப் பேர் இதுக்குக் கீழ, பாதிப் பேர் இதுக்கு மேல. ஒருத்தருக்கு 29 நாள் வித்தியாசம். இதுல மறைக்கக்கூடாத ஒரு விஷயம், முதல் 50 நாள் வரைக்கும் ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமே தெரியல. அதுக்கு அப்புறம்தான் பயிற்சி எடுத்தவங்க வேகமாத் திரும்ப ஆரம்பிச்சாங்க. ஒரு வாரத்துல அற்புதம் நடக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

அந்தப் பயிற்சியில அப்படி என்ன ஸ்பெஷல்? நம்ம ஊர்ல பிசியோன்னா பாதிப் பேருக்கு கரன்ட் வைக்கிறது, ஒத்தடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அங்க பண்ணினது வேற. உங்க வேலையில என்னென்ன அசைவு இருக்கோ அதையும் பயிற்சியில சேர்த்துக்கிட்டாங்க. குனியணுமா, தூக்கணுமா, நாலு மணி நேரம் நிக்கணுமா? இன்னைக்கு உங்களால எவ்வளவு முடியுதோ அதுல ஆரம்பிச்சு, எந்த நாள்ல எவ்வளவு கூட்டணும்னு முன்னாடியே அட்டவணை போட்டுடுறாங்க. எந்தத் தேதியில வேலைக்குத் திரும்புறதுன்னும் நீங்களே சொல்லணும். வலி முழுசாப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்னு காத்திருக்கிறது இல்ல. எஸ்ஐபி மாதிரியேதான். மார்க்கெட் நல்லா இருந்தா கூடப் போடலாம், மோசமா இருந்தா நிறுத்தலாம்னு யோசிக்காம, தேதி வந்தா தொகை போகுது பாருங்க, அந்த மாதிரி.

இன்னொரு ஆராய்ச்சி 2010-ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல வந்துச்சு. அதுவும் நெதர்லாந்துதான். தீராத முதுகு வலியோட இருந்தவங்களுக்கு இந்தப் பயிற்சியோட இன்னொண்ணையும் சேர்த்தாங்க. ஊழியரையும் அவரோட சூப்பர்வைசரையும் உட்கார வச்சு, வேலையில எது எது இடைஞ்சல்னு பட்டியல் போட்டு, எதை மாத்தலாம்னு முடிவு பண்ண வச்சாங்க. நிலையா வேலைக்குத் திரும்ப ஆன நாட்கள்: வழக்கமான சிகிச்சையில 208, இந்த முறையில 88. அதோட செலவுக் கணக்கையும் தனியா வெளியிட்டாங்க. போட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் 26 பவுண்டு திரும்ப வருதுங்கிறது அவங்க மதிப்பீடு. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்துல இப்படி ஒரு நம்பர் வந்தா நானே நம்ப மாட்டேன்!

இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்சது வேற ஒரு வரி. வலி குறைஞ்ச அளவுல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வலி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் குறைஞ்சது. ஆனா ஒரு பக்கம் 120 நாள் முன்னாடியே வேலைக்கு வந்துட்டாங்க. அப்போ ஆளை வீட்லயே உட்கார வைக்கிறது வலி மட்டும் இல்ல. பழைய நாற்காலி, பழைய லோடு, "முழுசா சரியானதும் வா"னு சொல்ற சூப்பர்வைசர், திரும்பிப் போனா மறுபடியும் பிடிச்சுக்குமோங்கிற பயம், இதெல்லாமும்தான். இதை எந்த க்ளினிக்கும் தனியா சரி பண்ண முடியாது. ஏன்னா க்ளினிக்ல உங்க நாற்காலி இல்ல, உங்க சூப்பர்வைசரும் இல்ல.

கனடாவுல கியூபெக் மாகாணத்து ஷெர்ப்ரூக் நகரத்துல 1997-லயே இதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. நாலு வாரத்துக்கு மேல லீவ்ல இருந்த 130 பேர், 31 வேலை இடங்கள். மருத்துவ சிகிச்சையையும் வேலை இடத்துல பண்ற மாற்றத்தையும் சேர்த்துக் கொடுத்தவங்க, வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களைவிட 2.4 மடங்கு வேகமா பழைய வேலைக்குத் திரும்பினாங்க. அதுல பெரும்பங்கு வேலை இடத்துல பண்ணின மாற்றத்தோடது.

அங்க ஏன் நடக்குது, இங்க ஏன் நடக்கல?

டச்சு முதலாளிங்க எல்லாம் ரொம்ப நல்லவங்கன்னு இல்லீங்க. அங்க ஊழியர் உடம்பு முடியாம வீட்ல இருந்தா குறைஞ்சது 70% சம்பளத்தை முதலாளிதான் கொடுக்கணும். 1996-ல இருந்து ஒரு வருஷம் வரைக்கும், 2004-ல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும். 2002-ல வந்த இன்னொரு சட்டப்படி, எட்டாவது வாரத்துக்குள்ள ஊழியரும் முதலாளியும் சேர்ந்து வேலைக்குத் திரும்புற திட்டம் எழுதணும். நீங்க வீட்ல இருக்கிற ஒவ்வொரு நாளும் அவர் பாக்கெட்ல இருந்து பணம் போகுது. அப்போ பிசியோதெரபிஸ்டை அவரே கூட்டிட்டு வந்து நிறுத்துவார்தானே?

நம்ம ஊர்ல உங்க லீவ் பேலன்ஸ் தீர்ந்த நிமிஷத்துல இருந்து அந்த நாட்களோட செலவு உங்களோடது. கம்பெனிக்கு வேலை கெடும், ஆனா சம்பளம் மிச்சம். அதனால ஆபீஸ்ல பிசியோ வேணும்னு கணக்குப் போட வேண்டிய ஆள் நீங்கதான். எச்ஆர் தானா யோசிச்சு வைப்பாங்கன்னு உட்கார்ந்திருந்தா நடக்காது.

ஆனா இங்கயும் சட்டம் வெறுங்கையோட விடல. உங்க சம்பளத்தைப் பொறுத்து ரெண்டு பாதை.

சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும்னா இஎஸ்ஐ. உங்க சம்பளத்துல 0.75% பிடிக்கிறாங்க, கம்பெனி 3.25% போடுது. "மாத்திரை கொடுக்கிற கார்டு"னுதான் பலரும் இதை நினைச்சிருக்காங்க. வேலையில அடிபட்டு மூணு நாளோ அதுக்கு மேலயோ போக முடியலைனா, தற்காலிக ஊனப் பலன்னு ஒண்ணு இருக்கு. சம்பளத்துல சுமார் 90%, குணமாகுற வரைக்கும், நாள் வரம்பு கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வீட்டுல இருந்து வேலைக்குப் போற வர்ற வழியில நடந்த விபத்தும், வேலையோட தொடர்பு நிரூபணம் ஆனா, இதுல சேரும். ஆஸ்பத்திரி சிகிச்சைக்குத் தனியா பணம் கட்ட வேண்டியதில்ல. சென்னையில கே.கே.நகர், அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி எல்லாம் இதுக்குத்தான் இருக்கு.

பணம் நழுவுற இடம் ஒண்ணு இருக்கு, கவனிங்க. விபத்தை வேலையில நடந்த விபத்துன்னு கம்பெனி ஃபார்ம் 12-ல ரிப்போர்ட் பண்ணணும். "எதுக்குப்பா வம்பு, சும்மா சிக்னு போட்டுடலாம்"னு சூப்பர்வைசர் சொல்வார். நீங்களும் தலையாட்டுவீங்க. அப்படிப் போட்டா அது நோய்ப் பலன் ஆயிடும். 90% இல்ல, 70%. அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும்தான். 18,000 சம்பளத்துக்கு ஒரு நாளைக்கு சுமார் 540 ரூபாய்க்குப் பதிலா 420. ரெண்டு மாசத்துக்கு 7,200 ரூபாய் நஷ்டம். பின்னாடி கையோ முதுகோ நிரந்தரமா பாதிச்சிருக்குனு தெரிஞ்சா, நிரந்தர ஊனப் பலன் கேட்க அந்த ரிப்போர்ட்தான் அஸ்திவாரம். 7,200-ஐ விடுங்க, இதுதான் பெரிய விஷயம்.

இன்னொரு நுணுக்கம். வேலைக்கு வந்து சம்பளம் வாங்குற நாளுக்கு தற்காலிக ஊனப் பலன் கிடையாது. அதனால ஆபீஸ் பிசியோவோட சேர்ந்து லைட் டியூட்டிக்குத் திரும்புறப்போ, "அரை நாள் வா, அரைச் சம்பளம்"னு சொன்னா உடனே ஓகே சொல்லிடாதீங்க. வீட்ல இருந்தா 90%, வந்தா 50%-னு ஆயிடும். லைட் டியூட்டின்னா வேலைதான் லைட், சம்பளம் முழுசுன்னு எழுத்துல வாங்குங்க.

சம்பளம் 21,000-ஐத் தாண்டிடுச்சா? அப்போ தொழிலாளர் இழப்பீட்டு விதிகள். 1923-லயே வந்த சட்டம். இப்போ 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள ஒரு அத்தியாயமா இருக்கு. எல்லா வேலைக்கும் பொருந்தாது. அட்டவணையில இருக்கிற ஃபேக்டரி, கட்டுமானம், வண்டி ஓட்டுறது மாதிரி வேலைகளுக்குத்தான். தற்காலிகமா வேலை பார்க்க முடியலைனா அரை மாசத்துக்கு ஒரு தடவை மாசச் சம்பளத்துல 25%. ஆனா 2020 ஜனவரி அறிவிப்புப்படி கணக்குக்கு எடுக்கிற சம்பளம் அதிகபட்சம் 15,000 ரூபாய். அதாவது நீங்க 45,000 வாங்கினாலும் மாசத்துக்கு 7,500 ரூபாய்தான். வாடகைக்கே பத்தாது. ஆனா பலருக்குத் தெரியாத ஒரு வரி இதே சட்டத்துல 2009-ல சேர்ந்துச்சு: வேலையில பட்ட அடிக்கு ஆன உண்மையான சிகிச்சைச் செலவை முதலாளி திருப்பிக் கொடுக்கணும். டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோவும் சிகிச்சைதான். பில் எடுத்து வைங்க. ஜிபே ஸ்க்ரீன்ஷாட் பில் ஆகாது.

இன்ஷூரன்ஸும் வரியும்

கம்பெனி கொடுக்கிற குரூப் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் அட்மிட் ஆனாத்தான். சும்மா ஓபியில போற பிசியோவுக்கு, ஓபிடி கவர் தனியா இல்லைனா, பணம் வராது. ஆபரேஷன் முடிஞ்சு வந்திருந்தா டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாளோ 90 நாளோ ஆகுற செலவுக்குள்ள பிசியோவைக் கொண்டு வரலாம். அதுக்கு டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே டாக்டர் பிசியோ, இத்தனை சிட்டிங்னு எழுதியிருக்கணும். வாயால சொன்னது க்ளெய்ம்ல நிக்காது. ஆஸ்பத்திரியில இருந்து கிளம்புற அவசரத்துல இதை விட்டுடாதீங்க.

தனிநபர் விபத்து பாலிசி எடுத்தவங்க, அதுல தற்காலிக முழு ஊனம்னு ஒரு பிரிவு இருக்கான்னு பாருங்க. வேலைக்குப் போக முடியாத ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தொகை. பல பாலிசிகள்ல காப்பீட்டுத் தொகையில 1%, ஒரு உச்ச வரம்போட, 100 வாரம் வரைக்கும். எல்ஓபிக்கு நேரடி மருந்து இதுதான். எடுக்கிறப்போ பிரீமியம் கம்மியா காட்ட ஏஜென்ட் முதல்ல வெட்டுறதும் இதையேதான்.

வரிப் பக்கம் சிஏ மூளைக்கு மட்டும் சந்தோஷம் கொடுக்கிற ஒரு விஷயம். ஒரு காலத்துல 15,000 ரூபாய் வரைக்கும் மருத்துவ பில் கொடுத்து வரியில்லாம வாங்கினோமே, 2018 பட்ஜெட்ல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் திரும்ப வந்தப்போ அது போயிடுச்சு. அதனால வெளி க்ளினிக் பிசியோ பில்லை கம்பெனி உங்களுக்குப் பணமாத் திருப்பிக் கொடுத்தா, சம்பளத்தோட சேர்ந்து வரி விழும். ஆனா கம்பெனியே நடத்துற ஆஸ்பத்திரி, க்ளினிக், டிஸ்பென்சரியில கிடைக்கிற சிகிச்சையோட மதிப்பு உங்க வருமானம் ஆகாது. அதே 9,000 ரூபாய் பிசியோ, பில்லா வந்தா வரி உண்டு, ஆபீஸ் மெடிக்கல் ரூம்ல நடந்தா வரி இல்ல. புது ரிஜிம்ல 12.75 லட்சத்துக்குள்ள சம்பளம் வாங்குறவங்களுக்கு எப்படியும் வரி ஜீரோ, நீங்க இந்தப் பத்தியை மறந்துடலாம். அதுக்கு மேல இருக்கிறவங்க எச்ஆர்கிட்ட பேசுறப்போ இதைச் சொல்லுங்க. கம்பெனிக்கும் இது தொழில் செலவுதான், கழிச்சுக்கலாம்.

ஓசூர் பக்கம் ஆட்டோ பார்ட்ஸ் பண்ற என் க்ளையன்ட் ஒருத்தர், வாரம் ரெண்டு அரை நாள் பிசியோதெரபிஸ்டை வர வைக்கலாமா, எந்த ஹெட்ல போடுறதுன்னு கேட்டார். ஸ்டாஃப் வெல்ஃபேர்ல போடுங்க, ஆனா முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி ஓவர்டைம் லெட்ஜரைப் பாருங்கன்னேன். ஒரு ஆபரேட்டர் முதுகு வலின்னு போனா அவர் மெஷின்ல இன்னொருத்தர் ரெட்டைச் சம்பளத்துக்கு நிக்கிறார். அந்த லெட்ஜரைப் பார்த்துட்டு அவரே மேல எதுவும் கேட்கல, ஆளை வர வச்சுட்டார். முதலாளிகிட்ட உடல்நலம்னு பேசுறதைவிட ஓவர்டைம்னு பேசினா காது நல்லா கேட்குது. என்ன பண்றது!

கொஞ்சம் உஷாராவும் இருங்க

ஆபீஸ் பிசியோதெரபிஸ்டுக்கு ஃபீஸ் கொடுக்கிறது கம்பெனி. இதை மறக்கக்கூடாது. நல்லவரா இருந்தாலும், "எப்போ ரெடியாவான்?"னு அவர்கிட்ட கேட்கிறது உங்க மேனேஜர். அதனால முதல் நாளே ஒண்ணு தெளிவாப் பேசிக்கோங்க: எச்ஆருக்குப் போற பேப்பர்ல "இவரால என்ன வேலை முடியும், என்ன முடியாது, எத்தனை வாரம்" மட்டும் இருக்கணும். ஸ்கேன் ரிப்போர்ட், பழைய ஆபரேஷன், மற்ற விஷயம் எல்லாம் உங்களுக்கும் அவருக்கும் நடுவுல. அப்ரைசல் நேரத்துல இது எங்க வந்து நிக்கும்னு சொல்ல முடியாது.

எலும்பு முறிஞ்சிருந்தா, ஆபரேஷன் ஆகியிருந்தா, சர்ஜன் சரின்னு சொல்ற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க. முதுகு வலியோட கால் மரத்துப் போறது, கால்ல பலம் குறையுறது, யூரின் கட்டுப்பாடு போறது எல்லாம் வந்தா பிசியோ ரூம் இல்ல, நேரா ஆஸ்பத்திரி. வர்றவர் பிபிடி இல்லைனா எம்பிடி படிச்சவரான்னு கேளுங்க, கேட்கிறதுல தப்பே இல்ல. முப்பது பேரை வரிசையா உட்கார வச்சு கழுத்தை நீவி விட்டுட்டுப் போற "வெல்னஸ் டே"யை நான் இந்தக் கணக்குல சேர்க்கல. அது நல்லா இருக்கும், ஆனா அடிபட்டவருக்கு ஒரு நாள் லீவைக்கூட மிச்சப்படுத்தாது.

எங்க ஆபீஸ்ல 40 பேர்தான், பிசியோ எல்லாம் கனவுன்னு சொல்றவங்களுக்கு

பக்கத்துல இருக்கிற நாலு கம்பெனி சேர்ந்து ஒருத்தரை வர வைக்கலாம். ஒரு விசிட்டுக்கு 2,000 ரூபாய்னு வச்சா மாசம் 8 விசிட் 16,000. நாலு கம்பெனியிலயும் சேர்த்து 160 பேர்னா ஆளுக்கு 100 ரூபாய். டீ செலவைவிடக் கம்மி. ஐடி பார்க்ல இருக்கிறவங்க பில்டிங் மெயின்டனன்ஸ் ஆளுங்ககிட்டயே கேட்கலாம்.

அதுவும் நடக்கலையா? க்ளினிக் பிசியோவையே ஆபீஸ் பக்கம் கொஞ்சம் இழுத்துட்டு வாங்க. உங்க நாற்காலி, மானிட்டர் உயரம், நீங்க தூக்குற பெட்டி, பைக்ல உட்கார்ற விதம் எல்லாத்தையும் ஃப்ரெண்டை விட்டு ரெண்டு நிமிஷ வீடியோ எடுக்கச் சொல்லி, அடுத்த சிட்டிங்ல காட்டுங்க. பொதுவான பத்து எக்சர்சைஸ் சீட்டைக் கொடுத்து அனுப்புறவர்கூட, இதைப் பார்த்தா "ஓ, நீங்க இப்படித் திரும்பித்தான் எடுக்கிறீங்களா"னு வேற மாதிரி பேச ஆரம்பிப்பார். உங்க வேலைக்கு ஏத்த அட்டவணையைக் கேளுங்க. எந்த வாரம் எவ்வளவு நேரம் உட்காரலாம், எவ்வளவு கிலோ தூக்கலாம்னு தேதி போட்டு. அதை அப்படியே மேனேஜர்கிட்ட காட்டலாம்.

லீவ்ல போய் ரெண்டாவது வாரம் முடியுறதுக்குள்ள எச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. இங்கிலீஷ்ல எழுதிக்கோங்க, விஷயம் இவ்வளவுதான்:

"எனக்கு முதுகுல அடிபட்டு லீவ்ல இருக்கேன். டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சொன்னபடி இந்தத் தேதியில இருந்து குறைஞ்ச வேலையோட வர முடியும். முதல் ரெண்டு வாரம் பெட்டி தூக்குற வேலை வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 நிமிஷம் எழுந்து நடக்கணும். வாரம் ரெண்டு நாள் ஒரு மணி நேரம் பிசியோவுக்கு வேலை நேரத்துலயே அனுமதி வேணும், அதை லீவாக் கழிக்க வேண்டாம். இந்தக் காலத்துல சம்பளம் முழுசா இருக்கும்னு உறுதி பண்ணுங்க. பிசியோதெரபிஸ்ட் கொடுத்த அட்டவணையை இணைச்சிருக்கேன். நானும் என் சூப்பர்வைசரும் பேசி முடிவு பண்ண அரை மணி நேரம் ஒதுக்கினா நல்லது."

சூப்பர்வைசரை சிசியில போடுங்க. அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துடாதீங்க. 208 நாளை 88 ஆக்கின ஆராய்ச்சியில இருந்து நாம இலவசமா எடுத்துக்கக்கூடிய பகுதி அதுதான். பதில் வரலைனா மூணு நாள் கழிச்சு அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டு ஞாபகப்படுத்துங்க. போன்ல "சரி சரி, பார்த்துக்கலாம்"னு சொன்னா, "நீங்க போன்ல சொன்னபடி"னு ஆரம்பிச்சு அதையும் மெயில்ல எழுதி வச்சுடுங்க.